பச்சை மரம் மட்டும்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வீட்டிலும் அப்படித்தான், வேலையிலும் அப்படித்தான். திருவொற்றியூரில் மரத்தட்டும் காய்கறி நறுக்கும் பலகையும் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. உட்காருவதற்குத்தான் சம்பளம். ஆனால் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்ச் சேர்ந்ததா, டிரைவர் ஏன் போனை எடுக்கவில்லை, கப்பல் மறுபடியும் தள்ளிப்போகிறதா என்று நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிடுவேன். காலடிப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறி வரும்போது, ரோட்டோரம் தலையும் வாலும் தெரியாமல் நிற்கிற கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தாலே எங்கள் வண்டி நம்பரைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அதில் எங்கள் சரக்கு இல்லாத நாளிலும் தேடுவேன்.

சான்றிதழ் வாங்கிய பிறகு இது இன்னும் மோசமானது. காட்டை அழிக்காமல் முறையாக வளர்த்து வெட்டிய மரம்தான் இது என்று ஓர் அமைப்பு சொல்வதுதான் அந்தச் சான்றிதழ். அது இருந்தால் தட்டின் அடியில் ஒரு சின்னப் பச்சை முத்திரை குத்திக்கொள்ளலாம். முத்திரை இல்லாத தட்டை அங்கே உள்ள பெரிய கடைகள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

நிபந்தனை ஒன்றுதான். சான்றுள்ள மரமும் சான்றில்லாத மரமும் எங்கள் வாசலுக்குள் எங்கேயும் கலக்கக்கூடாது. கேட்க எளிது. எங்களுக்கு வருவது இரண்டுமே ரப்பர் மரம். சான்றுள்ளது தாய்லாந்திலிருந்து கப்பலில், நன்றாக உலர்ந்து, பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, சீட்டு ஒட்டி வரும். சான்றில்லாதது நாகர்கோவில் பக்கமிருந்து லாரியில், அறுத்த ஈரம் காயாமல் வரும். அதை எங்கள் உலர்த்தும் அறையில் போட்டுக் காயவைத்து, பாரிமுனைக் கடைகளுக்குப் போகிற உள்ளூர்ச் சரக்குக்கு எடுத்துக்கொள்வோம். கட்டைப் பிரித்து, சீட்டைக் கிழித்து, மரமும் காய்ந்துவிட்டால் எது எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று பெற்ற மரத்துக்கே அடையாளம் தெரியாது.

போதாக்குறைக்கு ஐரோப்பாவில் புதுச் சட்டம் ஒன்று வருகிறது, வருகிறது என்று எங்களை உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. மரம் வளர்ந்த தோட்டம் பூமியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று சொல்லவேண்டுமாம். நாளை மறுநாள் வந்துவிடும் என்பார்கள், நான் பறப்பேன். தள்ளிவைத்துவிட்டோம் என்பார்கள், பறந்தது வீண். நாகர்கோவில் மரத்தையும் என்றைக்காவது சான்றுக்குள் கொண்டுவரலாமே என்று அங்குள்ள தரகரிடம் தோட்டத்தின் இருப்பிடத்தை போனில் அனுப்பச் சொன்னேன். அவர் டீக்கடையில் உட்கார்ந்தபடி தன்னுடைய இருப்பிடத்தை அனுப்பிவிட்டார். வரைபடத்தில் எங்கள் ரப்பர் மரங்கள் ஒரு பஸ் ஸ்டாண்டில் முளைத்திருந்தன. சிரித்திருக்கவேண்டும். நான் அவரைப் பிடி பிடி என்று பிடித்தேன்.

மரம் இறக்கி அடுக்குகிற ஆட்கள் கான்ட்ராக்ட். அவர்களுக்குத் தலைவி வியாசர்பாடியிலிருந்து வரும் ஓர் அக்கா. நானும் அவரை யக்கா என்பேன், அவரும் என்னை யக்கா என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை. அடுக்குகளில் ஏறி இறங்கியே அவருக்கு வலது முட்டி போய்விட்டிருந்தது. கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் இ.எஸ்.ஐ. அட்டை வரும், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்பதுதான் அவருடைய ஒரே கணக்கு. முதலாளியும் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வருஷத்து ஆடிட் நல்லபடியாக முடியட்டும், உன்னை பர்மனென்ட் ஆக்கிவிடுகிறேன் என்று நான் இருக்கும்போதேதான் சொன்னார். அதற்குப் பிறகு ஆடிட் எப்போது என்று என்னைவிட அவர்தான் அதிகம் கேட்டார்.

ஆடிட் என்றால் சான்றிதழ் கொடுத்தவர்கள் வருஷம் ஒரு முறை ஆளனுப்பிப் பார்ப்பது. போன முறை வந்தவர், யார்டில் சான்று மரத்துக்கென்று தனி இடம் ஒதுக்கி அறிவிப்புப் பலகை வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாளிக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. சான்றிதழின் நீளமான பேரைப் போடலாம் என்றேன் நான். “ஜனங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல போடும்மா” என்றார். ஆபீசில் நாங்கள் எல்லாருமே முத்திரையின் நிறத்தை வைத்து அதைப் பச்சை பச்சை என்றுதான் சொல்லிவந்தோம். அவர் பெயின்டரைக் கூப்பிட்டு, பச்சை எழுத்தில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, ‘பச்சை மரம் மட்டும்’ என்று எழுதவைத்தார். ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, பச்சை இங்கே, மற்றது எல்லாம் அங்கே என்று கையை நீட்டிக் காட்டினார். போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் கஸ்டம்ஸ் வேலையாகத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். போட்டோவைத்தான் பார்த்தேன். அதில் எல்லார் தலையும் சரி சரி என்று ஆடி, மங்கலாக விழுந்திருக்கிறது.

பலகை வைத்தது பொங்கலுக்கு முன்னால். ஆடி மாதத்தில், ஆடிட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வழக்கம்போல உட்காரமுடியாமல் யார்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பச்சை இடத்தில் ஓர் அடுக்கின்மேல் சும்மா கையை வைத்தேன். உள்ளங்கை ஈரமானது. தாய்லாந்து மரத்தில் ஈரம் எப்படி வரும்? அக்கா எதிர் அடுக்கின் நிழலில் முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யக்கா, இது எங்கேர்ந்து வந்த லோடு?”

“நாகர்கோவில் லாரிதான். நேத்து எறக்கனது.”

“அது ஏன் இங்க கீது?”

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பச்ச மரம் தானக்கா? தொட்டுப் பாரு, தண்ணி வுட்டுகினு கீது. காயாதத வேற எங்க வெக்க சொல்ற?”

“அப்போ கப்பல்ல வந்தது?”

“அது நல்லா காஞ்ச மரமாச்சே. அத்த இன்னாத்துக்கு இதுகூட சேக்கணும்? அந்தாண்ட ஷெட்டுல அடுக்கி வெச்சிருக்கோம்.”

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

“போர்டு வெச்சதுலேர்ந்து. மொதலாளி தான நிக்க வெச்சு சொன்னாரு? ஒரு கட்டு மாறி வெச்சதில்லக்கா நாங்க.”

பெருமையாகத்தான் சொன்னார். பெருமைப்பட அவருக்கு உரிமையும் இருந்தது. மரம் தூக்குகிறவர்களுக்குப் பச்சை மரம் என்றால் ஈரம் காயாத மரம். இந்த ஊரில் கப்பல் வந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் அர்த்தம். ஆபீசில் உட்கார்ந்து நாங்கள் அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டோம், அதை அவர்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பலகைக்கு அடியில் கிடந்ததையே காயவைத்து ஏற்றுமதிக்கு எடுத்திருக்கிறார்கள்; பொங்கலிலிருந்து ஆடிவரை நாகர்கோவில் மரம் பச்சை முத்திரையோடு ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது. தாய்லாந்துச் சான்று மரம் பாரிமுனையில் சப்பாத்திப் பலகையாக, தன் பெருமை தெரியாமல் விலைபோயிருக்கிறது.

முதலாளியிடம் ஓடினேன். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வெள்ளம் வந்தபோது ஆட்கள் வீடு வீடாக அரிசி கொண்டுபோய்ப் போட்டவர். ஆனால் எந்தத் தலைவலியையும் ‘விடும்மா’ என்று சொன்னால் அது விட்டுவிடும் என்று நம்புகிறவர்.

“விடும்மா. அதுவும் ரப்பர் மரம், இதுவும் ரப்பர் மரம். ஆடிட்டர் என்ன, நக்கியா பாக்கப்போறாரு? இடத்தை மாத்திடச் சொல்லு.”

“இதுவரைக்கும் போனதுக்கு என்ன சார் செய்யறது?”

“கடலைத் தாண்டிப் போனதைத் திரும்பக் கூப்பிட முடியுமா? விடு.”

அவருக்கு விட முடியும். காகிதங்களில் பொறுப்பாளர் என்ற இடத்தில் இருப்பது என் பேர், என் கையெழுத்து. அடுத்த கன்டெய்னர் வேறு தயாராகிக்கொண்டிருந்தது, எல்லாம் அந்தக் கலப்பு மரத்தில் செய்த தட்டு. ஆடிட் முடிந்ததும் அதற்கும் நான்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். சுத்தப் பச்சைப் பொய். இந்தப் பச்சைக்காவது ஆபீசிலும் யார்டிலும் ஒரே அர்த்தம்.

அக்காவிடம் போய், பச்சை என்று இவர்கள் சொல்வது ஈரத்தை இல்லை, சான்று உள்ள மரத்தை என்று விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். “காஞ்ச மரத்துக்குப் போயி பச்சன்னு எவன்க்கா பேர் வெச்சான்?” என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இது எம்மேல வருமா?” என்று கேட்டார். வராது என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருடைய ஆட்கள் இரண்டு பக்கத்து மரத்தையும் வெயிலில் இடம் மாற்றி அடுக்கினார்கள். அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும், போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். ஆடிட்டரிடம் முதலாளியே சொல்லிவிடுவார் என்று காலையில் நினைப்பேன். மாட்டார் என்று மத்தியானம் தெரியும்.

ஆடிட்டர் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர், கொல்கத்தாக்காரர், தமிழ் தெரியாது. சர்க்கரை இல்லாத எலுமிச்சை டீ கேட்டு வாங்கிக் குடித்தார். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பி, அழுகிய முட்டை வாடை அடித்தது. இது என்ன வாசனை என்று கேட்டார். இதுதான் எங்கள் காற்று என்றேன். பாவம், அவர் எழுதிக்கொள்வதற்குப் பேனாவை எடுத்தார். அவருடைய கேள்விகளில் காற்றுக்கு இடமில்லை, மூடிவிட்டார். எங்கோ இருக்கிற காடு மூச்சுவிட நாங்கள் இத்தனை ஓடுகிறோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்கு எனக்கு எல்லாவற்றின்மேலும் எரிச்சல்.

யார்டில் பலகையைப் படம் எடுத்தார். அடுக்குகளைப் பார்த்தார். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. தொழிலாளர் யாரிடமாவது பேசவேண்டும் என்றார். அது வழக்கம்தான். முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கவேண்டும்.

இந்த இடத்தில் எந்த மரத்தை வைக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டுச் சொன்னேன்.

“பச்ச மரம்” என்றார் அக்கா.

எவ்வளவு நாளாக, இடையில் எப்போதாவது மாறியிருக்கிறதா என்று அடுத்த கேள்வி.

அக்கா என்னைப் பார்க்காமல் அவரையே நேராகப் பார்த்துச் சொன்னார். “போர்டு வெச்ச நாள்லேர்ந்து இந்தப் போன வாரம் வரிக்கும், நான் பச்ச மரம்னு தெரிஞ்சிகினத தவிர இங்க எதையும் வெக்கல சார். ஒரு கட்டு மாறல.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் ஒரு சொல்கூட உண்மை இல்லை. இத்தனைக்கும் நான் எதையும் மாற்றவேண்டியதில்லை. மரத்தொழில் ஆங்கிலத்திலும் கிரீன் என்றால் ஈர மரம் என்று ஓர் அர்த்தம் உண்டுதான். ஆனால் பச்சை முத்திரைக்காக வந்து பச்சை எழுத்துப் பலகைக்கு அடியில் நிற்கிற ஆளுக்கு அது தோன்றப்போவதில்லை. ‘கிரீன் வுட், பலகை வைத்த நாளிலிருந்து’ என்று சொன்னால் எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்திருப்பார்.

ஆடிட்டருக்குப் பின்னால் நின்ற முதலாளி சிரித்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது அத்தனையும் அந்தச் சிரிப்பில் போய் முட்டியது. உண்மை பேசவேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு இல்லை. அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதோடு, வெகுளியாகப் பேசுகிற ஒரு பெண்ணின் சொல்லை இவர் தன் பொய்க்கு மூடியாக வைத்துக்கொள்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. பச்சை என்றால் இவர்கள் பேச்சில் என்ன அர்த்தம், ஆபீசில் என்ன அர்த்தம், எப்போதிலிருந்து கலந்தது, எந்த மரம் எங்கே போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்த முடியவில்லை. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் புரியாவிட்டாலும் நீளம் புரிந்திருக்கும்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்று எனக்குத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, எழுதவேண்டியதை எழுதினார். சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். வாங்கினவர்களுக்கெல்லாம் நான் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தயாரான கன்டெய்னர் முத்திரை இல்லாமல் கிடங்கிலேயே கிடந்தது. எல்லாம் சரிசெய்து மறுபடி காட்டிய பிறகு சான்றிதழ் திரும்பி வந்தது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பொறுப்பாளரை மாற்றினால் அதற்கும் ஒரு விசாரணை வரும் என்பதால் இருக்கலாம். கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார், பிறகு ‘விடும்மா’ என்று அவரே ஆரம்பித்தார்.

யார்டு ஆட்களைத்தான் மாற்றினார். மாற்றினார் என்றுகூடச் சொல்லமுடியாது. கான்ட்ராக்டர் ஒரு திங்கட்கிழமை வேறு ஆட்களோடு வந்து நின்றார். பீகார்க்காரர்கள், தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். அக்காவையும் அவருடைய ஆட்களையும் வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்களாம். நான் முதலாளியிடம் கத்தினேன். இனிமேல் பலகையில் எழுத்தே வேண்டாம், பச்சைச் சதுரம் ஒன்று போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பி, “படிக்கத் தெரிஞ்சவங்கதானேம்மா தப்பு பண்ணாங்க?” என்றார்.

அக்காவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். வியாசர்பாடியில் அவர் இருக்கிற பிளாக்குக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். போய் என்ன சொல்வேன்? நான் உனக்காகத்தான் பேசினேன் என்றா?

போன மாதம் மூலக்கடை முனையில் அவரைப் பார்த்தேன். மாத்தூர் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அங்கே ஓர் அட்டைப்பெட்டிக் கிடங்கில் வேலையாம், அதுவும் கான்ட்ராக்ட்தானாம். முட்டி எப்படி என்று கேட்டேன். “அதும் பாட்டுக்கு கீது” என்றார். கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்க்கா உன்ன” என்றார். “அன்னிக்கு அந்தாள்கிட்ட நான் சொன்னதுல பொய் எதுனா இருந்துச்சா?”

“இல்ல.”

“ஒரு வாரமா யோசிச்சு வெச்ச பேச்சு அது. நானும் பொய் சொன்ன பாவத்துல வுயக்கூடாது, மொதலாளியும் மாட்டக்கூடாது, ஒனக்கும் கையெழுத்துல பிரச்சன வரக்கூடாது. வேல செய்யசொல்ல எல்லாம் அதான் என் வாயில ஓடிகினு இருந்துச்சு. வந்துட்டு ரெண்டே வார்த்தையில சொன்னேன். நீ இன்னாத்துக்கு அவ்ளோ நேரம் பேசின?”

வெகுளி என்று நான் நினைத்த பேச்சு அது. எனக்கு முகம் சுட்டது. அவமானமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்தது.

“நீ சொன்னது உண்மதாங்க்கா. ஆனா அத்த அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா பொய்யாப்பூடும்” என்றேன்.

“செரி” என்றார். “இங்கிலீஷ்ல பேசப்போறது நீ தான? நானா?”

மாத்தூர் ஆட்டோ வந்தது. அவர் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.